சிங்கப்பூரில் ஒரு நாள் கையில் இருந்தால்: பள்ளிக் குழுவுக்கு எந்த வழி நல்லது?

சிங்கப்பூருக்குப் பள்ளிச் சுற்றுலா போகும் குழுக்களுக்குப் பயணத்திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டிருப்பார்கள். அந்த நாளை ஆசிரியரும் மாணவர்களும்தான் நிரப்ப வேண்டும். ஊர் சிறியது, ரயில் எங்கும் போகிறது என்பதால் ஐந்தாறு இடங்களை அடுக்கத் தோன்றும். அப்படி ஓடினால் பாதி நாள் வரிசையில் நிற்பதிலும் தலை எண்ணுவதிலும் போய்விடும். இரண்டே இடங்கள் போதும். ஆனால் அவை ஒன்றையொன்று விளக்க வேண்டும். காலையில் பார்த்தது மாலையில் பார்ப்பதற்குப் பொருள் சேர்க்க வேண்டும். அந்த அளவுகோலோடு செலவு, மழை, நடை ஆகியவற்றையும் சேர்த்து நான்கு வழிகளைப் பார்ப்போம்.

பூமலையும் லிட்டில் இந்தியாவும்

1859இல் தொடங்கிய சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை அங்குள்ள தமிழர் பூமலை என்பார்கள். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. நுழைவு இலவசம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட ரப்பர் மரத்தின் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் இங்கே வந்தன. 1888இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை இங்குதான் செப்பம் செய்தார். பிறகு மலாயாவெங்கும் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பால் வெட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள்.

அந்தக் கதையின் மறுபாதி ரயிலில் மூன்று நிறுத்தம் தள்ளி, டவுன்டவுன் தடத்திலேயே இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் இறங்கினால், கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், தென்கிழக்காசியாவுக்கு வந்து குடியேறிய இந்தியரின் வாழ்க்கையைக் காட்டுகிறது. “இவ்வளவு தூரம் வந்து மறுபடியும் நம் ஊர்க் கடைத்தெருவா?” என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். காலையில் ரப்பர் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தத் தெரு எப்படி உருவானது என்று புரியும்.

மதியச் சாப்பாட்டுக்குத் தேக்கா உணவங்காடி இருக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுவோருக்கு 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் இருக்கிறது. வீரமாகாளியம்மன் கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் நடை சாத்தியிருக்கும். நான்கில் செலவு மிகக் குறைந்த வழிகளில் இதுவும் ஒன்று. பூமலையில் நடை அதிகம் என்பதே இதன் குறை.

மரினா அணையும் கரையோரப் பூந்தோட்டமும்

குடிநீருக்கு மலேசியாவின் ஜோகூரை நம்பியிருந்த தீவு, தன் தண்ணீரைத் தானே தேட வேண்டியிருந்தது. கடல்வாயை மறித்து 350 மீட்டர் நீளத்துக்குக் கட்டி, 2008இல் திறந்த மரினா அணை அந்தத் தேடலில் ஒரு படி. சிங்கப்பூரின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை இந்த நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. கனமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகுகள் திறக்கும். ஓதம் ஏறியிருந்தால் ராட்சத பம்புகள் நீரைக் கடலில் தள்ளும். 2015 வெள்ளத்தையும் 2019 தண்ணீர்ப் பஞ்சத்தையும் கண்ட சென்னைப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் கிடைப்பது அரிது.

அங்கிருந்து நடந்தே போகலாம், கரையோரப் பூந்தோட்டத்துக்கு. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 2012இல் எழுந்த தோட்டம் அது. வெளித்தோட்டங்கள் இலவசம், மேகக்காட்டுக் கூடத்துக்குக் கட்டணம் உண்டு. 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள செயற்கை மரங்கள் இரவில் ஒளிரும் காட்சிக்கும் பணம் வேண்டாம். வெயில் நேரத்தில் அணையின் புல்தரைக் கூரை சுடும் என்பதால், இந்த வழியைப் பிற்பகலில் தொடங்குங்கள்.

ஆற்றங்கரையும் பாடாங் திடலும்

கடலில் வந்த சரக்கையும் கடல் கடந்து வந்த மனிதரையும் ஒரே நாளில் காட்டும் வழி இது. பாடாங் திடலில்தான் 1943 ஜூலை 5 அன்று சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தார்கள். பக்கத்து எஸ்பிளனேட் பூங்காவில் நின்ற அப்படையின் நினைவுச்சின்னத்தை 1945இல் பிரிட்டிஷார் தகர்த்தார்கள்; இன்று அங்கே ஒரு நினைவுக்குறி இருக்கிறது.

சற்று நடந்தால் ஆற்றங்கரையில் ஆசிய நாகரிக அரும்பொருளகம். 1998இல் பெலிதுங் தீவருகே கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு இங்கே உள்ளது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களைச் சுமந்த அந்தக் கப்பலின் பலகைகளை ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்திருந்தார்கள். நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் தைத்தவையே. பிற்பகல் மழைக்கு இந்த வழி மிகப் பாதுகாப்பானது. ஆனால் அரும்பொருளகத்தில் மணிக்கணக்கில் நிற்கச் சிறு பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ்

பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். விளையாட்டும் சுற்றுலாவின் பகுதி. முந்தைய நாள்களெல்லாம் கற்றலிலேயே கழிந்திருந்தால் இதைத் தேர்வதில் தவறில்லை. ஆனால் இது முழு நாளையும் எடுத்துக்கொள்ளும். சீட்டின் விலையும் அதிகம். அந்தச் செலவைப் பள்ளி எல்லோருக்கும் சேர்த்து ஏற்காவிட்டால் இதைத் தவிர்த்துவிடுங்கள். பணம் கட்டியவர்கள் உள்ளே, கட்டாதவர்கள் விடுதியில் என்று ஒரு வகுப்பு இரண்டாகப் பிரிவதைவிட மோசமான சுற்றுலா நாள் இல்லை.

யாருக்கு எது?

எட்டாம், ஒன்பதாம் வகுப்பென்றால் முதல் வழி. மொழித் தயக்கமின்றிக் கடைக்காரரிடம் தாங்களே பேசி வாங்குவது அந்த வயதுக்குப் பெரிய துணிவு தரும். அறிவியல் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்கு இரண்டாவது வழி. வரலாற்றில் ஆர்வமுள்ள குழுவுக்கும், மழை மிரட்டும் நாளுக்கும் மூன்றாவது.

எதைத் தேர்ந்தாலும் அருங்காட்சியகங்களின் விடுமுறை நாளை முன்பே பாருங்கள். ரயிலில் தின்பதற்கும் குடிப்பதற்கும் 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் உண்டு என்று சொல்லி வையுங்கள். விடுதி முகவரியும் ஆசிரியரின் எண்ணும் எழுதிய அட்டை ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

முடிவை மட்டும் ஆசிரியர் தனியாக எடுக்க வேண்டாம். முந்தைய இரவு வழிகளை மாணவர்கள் முன் வையுங்கள். ஏன் இது வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் ஐந்து நிமிடம் பேசட்டும். பிறகு கையுயர்த்தி முடிவெடுக்கட்டும். தாங்கள் வாதாடித் தேர்ந்த இடத்தைப் பிள்ளைகள் கவனித்துப் பார்ப்பார்கள், அங்கே கேள்வியும் கேட்பார்கள்.