தொலைவில் இருந்த பொறி

1937-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டுப் பெல் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடத்தில் கணித அறிஞராய் விளங்கிய ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பார், பழைய ரிலேக்கள் சிலவற்றை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். ரிலே என்பது தொலைபேசி நிலையங்களில் மின்னோட்டத்தை விடுக்கவும் தடுக்கவும் பயன்பட்ட மின்காந்தச் சாவியாகும். அவற்றுடன் சிறு விளக்குகளையும், புகையிலை டப்பாவிலிருந்து வெட்டிய தகரத் துண்டுகளையும் சமையலறை மேசைமீது வைத்து இணைத்து, எண்களைக் கூட்டும் கருவி ஒன்றை அமைத்தார்.

அவ்விளையாட்டுக் கருவிக்கு விரைவிலேயே வேலை வந்தது. தொலைபேசிக் கம்பிகளில் குரல் தெளிவாகச் செல்வதற்குரிய கருவிகளை வகுக்கக் கலப்பெண் கணக்குகள் மிகுதியாகத் தேவைப்பட்டன. கைக்கணிப்பொறிகளின்முன் அமர்ந்து நாள் முழுவதும் அக்கணக்குகளைப் போட்டவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஸ்டிபிட்சின் பெயர் நிலைத்திருப்பது போல அவர்தம் பெயர்கள் நிலைக்கவில்லை. அவர்களின் சுமையைக் குறைக்க, சாமுவேல் வில்லியம்ஸ் என்னும் பொறியியலாரின் துணையுடன் நானூற்றுக்கும் மேற்பட்ட ரிலேக்களைக் கொண்ட பொறி ஒன்று நியூயார்க்கில் உருவாகி, 1940-ஆம் ஆண்டு சனவரியில் பணி தொடங்கியது. பொறி ஓர் அறையில் இருந்தது. கட்டடத்தின் வேறிடங்களில் மூன்று தட்டச்சுக் கருவிகள் கம்பியால் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு நேரத்தில் ஒருவரே அதனைப் பயன்படுத்தலாம். ஏனையோர் காத்திருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்கக் கணிதக் கழகத்தார் ஹானோவர் நகரில் டார்ட்மவுத் கல்லூரியில் கூடினர். பொறியை அங்கே கொண்டு செல்வது எளிதன்று. ஆகவே ஸ்டிபிட்ஸ் தட்டச்சுக் கருவி ஒன்றை மட்டும் அவைமுன் வைத்து, தந்திக் கம்பி வழியே நியூயார்க்குடன் இணைத்தார். அறிஞர்கள் கணக்கைத் தட்டினர். 350 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு நிமிடத்திற்குள் விடை அச்சாகி வந்தது. நார்பர்ட் வீனர், ஜான் மாக்லி போன்றோர் தாமே தட்டிப் பார்த்தனர்.

அன்று கம்பியிற் சென்றவை சில எழுத்துகளே. அதனால் மெல்லிய கம்பியும் போதியதாயிற்று. இன்றோ வீட்டிலிருந்து அலுவலகக் கணிப்பொறியை இயக்குவோர் அதன் திரையையே தம்முன் காண விரும்புகின்றனர். வழக்கமான திரையொன்றில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. அத்தனையையும் நொடிக்குப் பன்முறை அனுப்பினால் எக்கம்பியும் தள்ளாடும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகர ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் 1990-களில் உருவான வி.என்.சி. என்னும் முறை, திரையில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பியது. எழுத்தொன்றைத் தட்டினால் அவ்வெழுத்து இருக்கும் சிறு கட்டம் மட்டுமே பயணம் செய்யும்.

ஆயினும் கம்பியை எவ்வளவு அகலமாக்கினும் தீராத தாமதம் ஒன்றுண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு எழுத்தொன்று சென்று மீள, வேறு தடை இல்லாவிடினும், நொடியில் பத்திலொரு பங்கு வேண்டும். கேட்பதற்கு இது சிறிதே. தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அங்கே போய்த் திரும்பிய பின்னரே திரையில் தோன்றுமாயின், நாள் முழுவதும் எழுதுவோர்க்கு விரல்களில் விலங்கிட்டதுபோல் இருக்கும்.

2012-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 'மோஷ்' என்னும் மென்பொருளை விளக்கி வெளியிட்டனர். அது மறுமொழிக்குக் காத்திராமல், தட்டிய எழுத்து எங்கே தோன்றும் என்பதைத் தானே கணித்து உடனே காட்டிவிடும். இணைப்பு மெதுவாயிருப்பின் அவ்வெழுத்தின் அடியில் கோடிட்டு, இது இன்னும் உறுதியாகவில்லை என்று குறிப்பால் உணர்த்தும். தொலைவிலுள்ள கணிப்பொறி ஒப்பினால் கோடு மறையும்; மறுத்தால் எழுத்து திருத்தப்படும்.