பொங்கல் லீவா? கார்த்திகையில் பேசுங்கள்

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது லீவு கேட்டு முகம் சிவந்து வெளியே வருகிறவர்களை மட்டாஞ்சேரியில் வருஷா வருஷம் பார்க்கிறேன். பஜார் ரோட்டு மிளகு மண்டி, ஜூ டவுன் கடை, ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டே என்று வேலை எங்கே இருந்தாலும் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பொங்கலுக்குக்கூட லீவு தர மாட்டார்களா?” முதலாளிமேல் கோபப்படும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தைப்பொங்கலுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுவது திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்கு. கொச்சி இருக்கும் எர்ணாகுளம் அதில் இல்லை. மூணாறில் இருக்கும் மச்சானுக்கு லீவு, உங்களுக்கு வேலை நாள். தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், வேலி தோபிகானாவில் துணி துவைப்பவர்களின் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். அன்றைக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. இது மாறவேண்டும் என்பது என் எண்ணம். மாறும்வரை லீவைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

முதலில் உங்கள் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுங்கள். 1958-ஆம் வருஷத்துக் கேரளத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலும், அதற்குமேல் ஒன்பது பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு கிடைக்கவேண்டும். தமிழ்நாட்டில் அந்த ஒன்பது ஐந்துதான். இதுபோக, கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி கேஷுவல் லீவு வருஷத்துக்கு 12 நாள் வரை உண்டு. பண்டிகைப் பட்டியலில் உள்ள நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் லீவும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் யாரும் குரலை உயர்த்துவதில்லை.

அடுத்தது பட்டியல். அந்த ஒன்பது பண்டிகைகள் எவை என்பதை முதலாளி தனியாக எழுதிவிட முடியாது. தொழிலாளர்களையும் கலந்துதான் முடிவாகவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கணக்குப்பிள்ளை போன வருஷத் தாளை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறார். உத்திராடம், திருவோணம், விஷு, தீபாவளி, விஜயதசமி, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், பக்ரீத் என்று எழுதினாலே ஒன்பது நிறைந்துவிடும். பொங்கலை நுழைக்க இடமில்லை. பத்துப் பேரில் ஆறு பேர் தமிழர்கள் என்றால் கேளுங்கள், கிடைக்கும். நீங்கள் ஒருவர்தான் தமிழர் என்றால், இன்னொருவர் பண்டிகையைத் தள்ளிவிட்டு உங்களுடையதை வைக்கச் சொல்லாதீர்கள். அது வருஷம் முழுக்கப் பகையாக நிற்கும். கேஷுவல் லீவும் மாற்று ஆளும்தான் உங்கள் வழி.

அந்த மாற்று ஆளைப் பிடிப்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

பொங்கல் வரும் நேரத்தில் இந்த ஊரில் யாருக்கெல்லாம் லீவு வேண்டும் என்று பாருங்கள். சபரிமலை மகரவிளக்கு அதே ஜனவரி 14-ஐ ஒட்டி வருகிறது. 2026-ல் விளக்கு 14, பொங்கல் 15. மாலை போட்ட மலையாளி நண்பர் விர்ச்சுவல் க்யூவில் நாளைப் பதிந்திருப்பார். அவரால் அதை நகர்த்த முடியாது. ஆகவே கார்த்திகை ஒன்றாம் தேதி அவர் கழுத்தில் மாலையைப் பார்த்த அன்றே, “சாமி, எப்போ மலை ஏறுறீங்க?” என்று கேட்டுவிடுங்கள். அவர் மண்டல பூஜைக்கு முன்னாலேயே போய்விட்டு வருகிறார் என்றால் பொங்கலுக்கு அவரே உங்கள் மாற்று ஆள். மகரவிளக்குக்குத்தான் போகிறார் என்றால் வேறு ஆளைத் தேட உங்களுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. கார்த்திகை என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதனால் போகி ரயிலுக்கு டிக்கெட் திறப்பதும் நவம்பர் நடுவில்தான். திருநெல்வேலிப் பக்கம் போகும் பாலருவியிலும், தஞ்சைப் பக்கம் போகும் காரைக்கால் எக்ஸ்பிரஸிலும் படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். லீவு உறுதியாகாமல் டிக்கெட் போடாதீர்கள். டிக்கெட்டைக் காட்டி லீவு கேட்பது மேலாளரின் கையை முறுக்குவதாகும். ஒரு தடவை பலிக்கும், அடுத்த தடவை பலிக்காது.

இனி, பதிலுக்கு என்ன கொடுப்பது? “நீ எனக்கு ஒரு நாள், நான் உனக்கு ஒரு நாள்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அவருக்கு எந்த நாள், எந்த மணி நேரம் வலிக்கிறதோ அதைக் கொடுங்கள். திருவோணத்தன்று வேலைக்கு வருகிறேன் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்குப் பாதிக் கடைகள் திறப்பதே இல்லை. மலையாளிக்கு வேண்டியது உத்திராடத்து மாலை. வீட்டுக்குக் காய்கறி, துணி, பூ வாங்கவேண்டும், அதே நேரம் கடையில் கூட்டம் நெரியும். “சேட்டா, உத்திராடத்தன்று ராத்திரி கடை அடைக்கிறவரை நான் நிற்கிறேன், நீங்க நாலு மணிக்கே கிளம்புங்க. எனக்கு போகியும் பொங்கலும் வேணும்” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு நாள் சும்மா கிடைத்ததுபோலக் கிடைக்கும். நோன்பு வைக்கும் இக்காவுக்கு முழு நாள் லீவு பெரிதில்லை. ரம்ஜான் மாதம் முழுக்க மாலை ஆறேகாலுக்கு யாராவது கல்லாவில் உட்கார்ந்தால் போதும், அவர் வீட்டோடு நோன்பு திறந்துவிட்டு வருவார். கிறிஸ்தவ சேச்சிக்குப் பெரிய வெள்ளி எப்படியும் லீவுதான். அவருக்கு முந்தின நாள், பெசஹா வியாழன் மாலை வேண்டும். வீட்டில் அப்பம் பிட்டுக் கொடுக்கும் நேரத்தில் அவர் பில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இந்த மூன்று நேரங்களையும் கொடுத்தவருக்கு லீவு விஷயத்தில் எதிரி இல்லாமல் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேசியதை எழுதிவையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யாருக்கு லீவு, என்ன பண்டிகை, யார் நிற்பது, இருவர் கையெழுத்து என்று நாலு கட்டம். கடைசியில் மேலாளரின் சுருக்கொப்பம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டதை யாரும் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்தி மேலே போய்விடும், மேலாளர் மாறுவார், ‘நான் பார்த்தேன், சரி என்று சொல்லவில்லையே’ என்ற பேச்சு வரும்.

நோட்டில் இன்னொருவர் பெயரும் வரவேண்டும். நம் கடைகளில் அஸ்ஸாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த பையன் ஒருவன் இருப்பான். மொழி முழுசாக வராது, எதுவும் கேட்க மாட்டான். எல்லாப் பண்டிகைக்கும் அவனையே நிறுத்திவிட்டுப் போகிறோம். நம் புத்தாண்டும் விஷுவும் வரும் அதே ஏப்ரல் நடுவில் அஸ்ஸாம் பையனுக்கு பிஹு. வங்காளிக்கு துர்கா பூஜை. அவனிடம் நீங்களே போய்க் கேளுங்கள். கேட்காதவன் உழைப்பில் நாலு பேர் பண்டிகை கொண்டாடுவது எனக்கு ஒப்பாது.

தேதி நகரும் பண்டிகைகளுக்கு ஒரே விதி: விண்ணப்பத்தில் பண்டிகையின் பெயரை எழுதுங்கள், தேதியை மட்டும் எழுதாதீர்கள். 2025-ல் பக்ரீத் விடுமுறை முதலில் ஜூன் 6, வெள்ளி என்று இருந்தது. பண்டிகை 7-ஆம் தேதி என்று ஆனதும் அரசு விடுமுறையைச் சனிக்கு மாற்றியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு வெள்ளியன்று கல்வி நிலையங்களுக்கு மட்டும் விடுமுறை விட்டார்கள். 2023-ல் மீலாது விடுமுறையும் செப்டம்பர் 27-லிருந்து 28-க்குப் போனது. ‘ஜூன் 6’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் பண்டிகையன்று வேலைக்கு வரவேண்டிய நிலை. ‘பக்ரீத் பெருநாளன்று, அரசு அறிவிக்கும் தேதிப்படி’ என்று எழுதினால் இந்தத் தலைவலி இல்லை. தமிழ்நாட்டு அறிவிப்பை வைத்தும் திட்டம் போடாதீர்கள். இங்கே பிறைக் கணக்கை இங்குள்ள காஜிகள் சொல்வார்கள். விஷுவும் நம் புத்தாண்டும்கூட எப்போதும் ஒரே நாளில் வருவதில்லை. 2023-ல் புத்தாண்டு 14, விஷு 15. தீபாவளிக்கு இது இன்னும் மோசம். 2024-ல் தீபாவளி வியாழக்கிழமை, அக்டோபர் 31. தமிழ்நாடு அரசு வெள்ளியையும் விடுமுறையாக்கியதால் ஊரில் சேர்ந்தாற்போல் நாலு நாள். இங்கே நவம்பர் 1 கேரளப் பிறவி, வேலை நாள். அக்காவின் பேச்சைக் கேட்டு ஊரிலேயே தங்கினால் போவது உங்கள் சம்பளம்தான்.

எல்லாருக்கும் ஒரே நாளில் வேண்டும் என்றால்? அப்படியும் வரும். 2025 செப்டம்பர் 5 திருவோணம், அன்றே மீலாது, மூன்று நாள் கழித்து வேளாங்கண்ணித் திருநாள். அப்போது நாளைப் பிரிக்காதீர்கள், மணியைப் பிரியுங்கள்: காலையில் ஓரிருவர், மாலையில் ஓரிருவர். முன்னுரிமை போன வருஷம் நின்றவருக்கு. யார் மூத்தவர், யார் முதலாளிக்கு வேண்டியவர் என்பதெல்லாம் அங்கே வரக் கூடாது.

காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போவது வேண்டவே வேண்டாம். பொங்கல் பானையோடு எடுத்த படத்தை உங்கள் தங்கையே ஸ்டேட்டஸில் போடுவாள். அதோடு, நிஜமாகவே உடம்பு சரியில்லாத அன்று உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவும் செய்து, பட்டியலில் உள்ள பண்டிகைக்கே லீவு மறுக்கிறார்கள், அல்லது வேலை வாங்கிவிட்டு இரட்டைச் சம்பளமும் இல்லை, மாற்று நாளும் இல்லை என்றால், உதவித் தொழிலாளர் அலுவலரிடம், ஏ.எல்.ஓ. என்று எல்லோரும் சொல்கிறார்களே அவரிடம், போங்கள். கேஷுவல் லீவு ஒரு நாள் தள்ளிப்போனதற்காகப் போகாதீர்கள், அது பேசித் தீர்க்கும் விஷயம். போகும்போது சுவரில் ஒட்டியிருக்கும் விடுமுறைப் பட்டியலின் போட்டோ, அன்றைக்கு வேலை பார்த்ததற்கான வருகைப் பதிவு, அந்த மாதச் சம்பளச் சீட்டு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். புகாரை மலையாளத்தில் எழுதத் தெரியாவிட்டால் தெரிந்தவரை எழுதச் சொல்லுங்கள். முத்திரை போட்ட நகல் ஒன்றைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.