இல்லம் நாடிச் செல்லும் உதவி

பிறர்க்கு உதவுதல் இருவகைப்படும். தம் வாயிலில் வந்து இரந்து நின்றார்க்கு ஒன்றைக் கொடுத்தனுப்புதல் ஒருவகை. இரக்க நாணி வீட்டினுள்ளேயே வாடிக் கிடப்பாரைத் தேடிச் சென்று, அவர்தம் குறையறிந்து நீக்குதல் மற்றொரு வகை. இவ்விரண்டனுள் பின்னதே அரியது. அவ்வரிய தொண்டினைக் கடமையாக மேற்கொண்ட தேவாலயத் தொண்டர் கூட்டம் ஒன்றன் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிசு மாநகரில் 1832ஆம் ஆண்டு வாந்திபேதி நோய் பரவியது. சில திங்களுள் 18,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த சந்துகளில் அந்நோயின் கொடுமை மிகுந்திருந்தது. பொருளீட்டுவாரை இழந்த குடும்பங்கள் உணவுக்கும் விறகுக்கும் வழியின்றித் தவித்தன.

அந்நாளில் அந்நகரில் சட்டம் பயின்று வந்தார் பிரடெரிக் ஓசனாம் என்னும் இளைஞர். அவர் 1813ஆம் ஆண்டில் மிலான் நகரிற் பிறந்து, லியோன் நகரில் வளர்ந்தவர். மாணவர் கூடும் மன்றத்தில் அவரும் அவர்தம் நண்பரும் கிறித்தவ சமயத்தின் பெருமையை எடுத்துரைத்து வாதிடுவது வழக்கம். ஒருநாள் எதிர்வாதம் புரிந்தோர், உங்கள் சமயம் பண்டு நற்பணி பல செய்தது உண்மையே. இன்று நீவிர் ஏழைகட்குச் செய்வது யாது என்று வினவினர். அவ்வினா ஓசனாமின் நெஞ்சைத் தைத்தது. அதற்குரிய விடையைச் செயலாலேயே தருதல் வேண்டும் எனத் துணிந்தார். தாம் குளிர் காய்தற்கு வைத்திருந்த விறகில் எஞ்சியதை அவரும் நண்பர் ஒருவரும் ஏழையொருவர்க்குக் கொண்டு சென்று கொடுத்தனர் என்பர்.

1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், மாணவர் அறுவரும் பத்திரிகாசிரியர் ஒருவரும் ஒன்றுகூடி ஒரு சிறு சங்கம் நிறுவினர். அன்றுதான் ஓசனாமுக்கு இருபது வயது நிரம்பியது. பின்னர் அச்சங்கம், பதினேழாம் நூற்றாண்டில் ஏழைகட்குத் தொண்டாற்றிய வின்சென்ட் தே பவுல் என்னும் குருவின் பெயரைப் பூண்டது.

ஆர்வம் மிக்க அவ்விளைஞர்க்கு ஏழைகளின் வீடுகள் யாண்டுள்ளன என்பது தெரியாது. ஆங்குச் சென்று எவ்வாறு பேசுவது என்பதும் தெரியாது. அவர்கட்கு வழிகாட்டியவர் ரோசலி அம்மையார் என்னும் கன்னியர். அவர் முப்பத்தார் என்னும் ஏழைகளின் பகுதியில் ஐம்பது ஆண்டுகள் தொண்டு புரிந்தவர். உதவி வேண்டிய குடும்பங்களின் பெயர்களையும், ரொட்டிக்கும் விறகுக்கும் உரிய சீட்டுகளையும் அவரே இளைஞரிடம் கொடுத்தனுப்பினார். ஏழைகள் கூறுவதைப் பொறுமையோடு அமர்ந்து கேட்டலும் ஓர் உதவியே என அவர்க்கு அறிவுறுத்தினார்.

அச்சங்கத்தார் கைக்கொண்ட முறைகள் எளியன. குறித்த நாள்தோறும் கூடுவர், இறைவனை வழுத்துவர், எவ்வெவர்க்கு என்னென்ன தேவை என்று ஆராய்வர். கூட்டத்தின் முடிவில் ஒரு பை உறுப்பினரிடையே சுற்றிவரும். ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை அதனுள் இடுவர். யார் எவ்வளவு இட்டார் என்பதை ஒருவரும் அறியார். ஆதலின் செல்வர் செருக்குறுதற்கும் வறியர் நாணுதற்கும் ஆங்கு இடமில்லை. பின்னர் இருவர் இருவராகச் சேர்ந்து ஏழைகளின் இல்லங்கட்குச் செல்வர். ஆங்குக் கண்டவற்றையும் கேட்டவற்றையும் புறத்தே பரப்பார். இன்ன சமயத்தார்க்கே உதவுவோம் என்னும் வேறுபாடும் அவரிடம் இல்லை.

பொருளை ஆள்வழி அனுப்பிவிடலாமே. தாமே செல்வது எதற்கு என்று சிலர் வினவலாம். வீட்டினுட் சென்று அமர்ந்தாலன்றி உண்மையான தேவை புலப்படாது. அரிசி இல்லாத வீட்டில் மருந்தும் இல்லாதிருக்கலாம். பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் வேண்டியிருக்கலாம். எல்லாம் இருந்தும், பேசுவார் ஒருவரும் இன்றி முதியவர் ஒருவர் வருந்தியிருக்கலாம். மேலும், விருந்தினர்போல வருவாரிடம் ஏழை தன் மானம் குன்றாமல் பேசவியலும். தருவோன் உயர்ந்தோன், பெறுவோன் தாழ்ந்தோன் என்னும் எண்ணம் அங்கு மெல்ல மறையும்.

ஓசனாம் பிற்காலத்தில் பாரிசுப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார். உழைப்பாளர்க்கு நேரிய கூலி கிடைத்தல் வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். புண்ணுக்கு மருந்திடுதல் அன்பு. புண் உண்டாகாமற் காத்தல் நீதி. இரண்டும் வேண்டும் என்பதே அவர் கருத்து. அவர் 1853ஆம் ஆண்டில், நாற்பது வயதிலேயே காலமானார்.

எழுவர் தொடங்கிய அச்சங்கம் இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பணியாற்றுகின்றது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றிலும் அதன் கிளைகள் உள்ளன. அவற்றில் உழைப்போர் பெரும்பாலும் பெருஞ்செல்வர் அல்லர். பகலெல்லாம் தம் தொழிலைச் செய்து, ஓய்வு நேரத்தைப் பிறர்க்கெனத் தருவோரே ஆவர்.

மாணவர்களே! நம் தெருவிலும் கதவடைத்துத் துயருறுவோர் இருத்தல் கூடும். அவர் நம்மை அழையார். நாமே சென்று நலம் உசாவுதல் வேண்டும். இன்று நீ செய்வது யாது என்று ஓசனாமின் நெஞ்சைத் தைத்த அவ்வினா, நம் ஒவ்வொருவர்க்கும் உரியதன்றோ?