லைட்டுதானே என்று ஊற்றாதீர்கள்

அழகர்கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், தள்ளுவண்டியில் கம்பம் பன்னீர் திராட்சை. “ரத்தம் ஊறும் சார். ஒயினே இதுலதான் போடுறாங்க” என்றார் விற்கிற அக்கா. கூட வந்த நண்பருக்கு அது போதுமாக இருந்தது. “ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது. பினோ நுவார்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப லைட்டு” என்று ஆரம்பித்தார். ‘ஒயின் ஷாப்’ என்று பலகை மாட்டிப் பிராந்தி விற்ற ஊர் நம்முடையது. குழப்பம் இருக்கத்தான் செய்யும்.

கறுப்புத் திராட்சையின் சாறு சிவப்பு என்பது முதல் குழப்பம். ஒரு பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள். தோல் விரலில் தங்கிவிடும், வழுக்கி விழும் சதையோ வெளிர்பச்சை. சாயம் முழுக்கத் தோலில். நசுக்கிய பழத்தைத் தோலோடு புளிக்கவிட்டால்தான் சிவப்பு ஒயின். தோலை உடனே நீக்கிவிட்டால் அதே கறுப்புப் பழத்தில் வெள்ளை ஒயினே எடுக்கலாம். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் பேர்பெற்ற பினோ நுவாருக்குத் தோல் மெல்லியது. அதனால் நிறமும் வெளிறல், துவர்ப்பும் குறைவு. நாக்கில் கனமில்லாமல் இறங்குவதைத்தான் ‘லைட்’ என்கிறார்கள்.

போதை குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை. பினோ நுவாரில் ஆல்கஹால் பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதம். 13 என்றே வைத்துக்கொண்டால், 150 மில்லி கிளாஸ் ஒன்றில் 19.5 மில்லி ஆல்கஹால். நம் ஊர் பிராந்தி 42.8 சதவீதம், 60 மில்லி லார்ஜில் சுமார் 25.7. ஆக, ஒரு கிளாஸ் ‘லைட்’ ஒயின் முக்கால் லார்ஜ். இரண்டு கிளாஸ் குடித்தவர் வண்டிச் சாவியைத் தொடக்கூடாது.

அக்கா சொன்னதில் பாதி உண்மை. பன்னீர் திராட்சையின் அசல் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்றான ஸ்கியாவா கிரோசாவை ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் ட்ரோலிங்கர் என்பார்கள். அங்கே தினப்படி குடிக்கிற லைட் சிவப்பு ஒயின் அதில்தான். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தப் பன்னீர் திராட்சையை இங்கே கொண்டுவந்ததாக ஒரு கதை உண்டு. கணக்கு உதைக்கிறது: மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தில் உருவானதே 1850 வாக்கில். பாதிரியார் கொண்டுவந்தது வேறு திராட்சையாக இருக்கலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ குடிக்க வேண்டுமாம். எந்த ஊர் அறை? லைட் ரகங்களுக்கு 13 முதல் 16 டிகிரி; மதுரைச் சித்திரையில் ஃப்ரிட்ஜ்தான் கதி.

இதயக் கதைக்கு வருவோம். பழைய ஆய்வுகள் பலவற்றில் ‘குடிக்காதவர்’ கணக்கில், நோய் வந்து குடியை விட்டவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்? பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

இதயத்துக்காக என்றால் அக்காவிடம் அரைக் கிலோ வாங்குங்கள். நன்றாகக் கழுவி, தோலோடு தின்னுங்கள்.