கோலாலம்பூரில் இறங்கியதும் எந்த டாக்சி?

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். திருத்தணியில் மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம். தைப்பூசத்தை ஒட்டி என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு பத்துமலை முருகனைப் பார்க்கப் போகிறோம். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஓட்டல் எடுத்திருக்கிறோம். அங்கிருந்து சிங்கப்பூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு ஊர் திரும்புவோம். எங்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டு ஏர்போர்ட்டில் இறங்கி, வாசலில் நின்ற ஆளின் காரில் ஏறி, விமான டிக்கெட்டில் பாதியளவு பணத்தைப் பறிகொடுத்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மகன் "ஆப்ல புக் பண்ணிக்கோங்கம்மா" என்கிறான். கணவர் "இறங்கினதும் பார்த்துக்கலாம், விடு" என்கிறார். எங்களுக்குத் தமிழும் தெலுங்கும் நன்றாகத் தெரியும், ஆங்கிலம் சுமார்தான். என்ன செய்வது? இன்னொன்று: ஈப்போவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறார்கள். அவர்கள் சென்னையில் இறங்கி வருவதற்கும் வழி சொல்லுங்கள்.
— வாசகி ஒருவர், திருத்தணி

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதுதான் சரி. ஆனால் ஆப்பை மட்டும் நம்பிப் போனாலும் சிக்கல் வரலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருத்தணியிலிருந்து திருப்பதிக்கு வண்டி பேசும்போது நீங்கள் என்னென்ன கேட்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு வழியா, போகவரவா? டோல் சேர்த்தா? ஆந்திரா பெர்மிட் யார் கணக்கு? டிரைவர் பேட்டா எவ்வளவு? இவ்வளவும் கேட்டு, மஞ்சள் நம்பர் பிளேட் வண்டிதானா என்று ஒரு பார்வை பார்த்த பிறகுதான் பெட்டியை டிக்கியில் வைப்பீர்கள். எல்லையோர ஊரில் இருப்பவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். வெளிநாட்டில் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். அங்கே போனதும் நம்மவர்கள் கேட்க மறந்துவிடுவதற்குக் காரணம் களைப்பு. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால் அங்கே விடியற்காலை ஆறு மணி வாக்கில் இறங்குவீர்கள். நம் கணக்குக்கு அது மூன்றரை மணி. அரைத் தூக்கத்தில் இமிக்ரேஷன் வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு, மாமியாருக்குக் கால் வலி. "யாராவது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்" என்று மனம் கேட்கிற அந்த நேரத்தில்தான் ஒருவர் அருகில் வருவார்.

அவர் எப்படிப் பேசுவார் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். "டாக்சி? கிராப்?" என்பார். உங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே "எங்க போறீங்க, பிரிக்ஃபீல்ட்ஸா?" என்று கேட்கவும் செய்வார். ஆப்பில் இப்போது விலை ஏறிக் கிடக்கிறது என்று தன் போனையே நீட்டிக் காட்டுவார். ரயில் போய்விட்டது, அடுத்தது வர நேரமாகும் என்பார். நீங்கள் யோசிப்பதற்குள் பெட்டியின் கைப்பிடி அவர் கைக்குப் போயிருக்கும். சொன்ன தொகை வண்டிக்கா தலைக்கா என்பது இறங்கும்போதுதான் தெரியவரும். டோலும் பெட்டிக் காசும் அதன் மேல் ஏறும். இப்படி வருகிறவர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டிக்கு லைசென்ஸ் இருக்கிறதா, ஏதாவது நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது. "வேண்டாம், ஆள் வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். அவரிடம் விலை கேட்கவும் வேண்டாம். கேட்டால் பேச்சு நீளும்.

கோலாலம்பூர் விமான நிலையம் கோலாலம்பூருக்குள் இல்லை. 1998இல் திறந்த இந்த நிலையம் இருப்பது சிப்பாங்கில், நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இவ்வளவு தூரம் ஓடி வர வேண்டியிருப்பதால்தான் டாக்சிக் கட்டணம் பெரிதாக இருக்கிறது, இடைத்தரகருக்கும் இடம் கிடைக்கிறது. அங்கே இரண்டு டெர்மினல்கள். ஏர் ஏஷியாவில் போனால் இரண்டாவது டெர்மினலில் இறங்குவீர்கள், மலேசியா ஏர்லைன்ஸில் போனால் முதலாவதில். இரண்டுக்கும் இடையே நடந்து போக முடியாத தூரம். ஆப்பில் தவறான டெர்மினலைத் தட்டிவிட்டால் டிரைவர் அங்கே நிற்பார், நீங்கள் இங்கே நிற்பீர்கள்.

மகன் சொன்ன ஆப் கிராப்தான். 2012இல் மைடெக்சி என்ற பெயரில் மலேசியாவிலேயே பிறந்தது. ஊபர் 2018இல் தென்கிழக்கு ஆசியத் தொழிலை இவர்களிடம் விற்றுவிட்டது, அதனால் ஊபரை அங்கே தேட வேண்டாம். மீட்டர் போட மறுக்கிறார்கள் என்று கோலாலம்பூர் டாக்சிகள் மேல் பல காலமாக இருந்த குறையைப் பெருமளவு தீர்த்தது ஆப்தான், ஏறும் முன்பே தொகை தெரிந்துவிடுகிறதே. 2019 ஜூலையிலிருந்து ஆப் வண்டி ஓட்டுகிறவர்களும் பயணிகளை ஏற்றுவதற்கான தனி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஆப்பைத் திருத்தணியில் வீட்டில் இருக்கும்போதே இறக்கிப் பதிவு செய்துவிடுங்கள். ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய் வேறு சிம் மாற்றிவிட்டால் அந்த மெசேஜைப் பார்க்க முடியாது. கார்டு இணைப்பதாக இருந்தால் முதலில் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள். நம் கார்டுகளில் அது மூடியே இருக்கும். கார்டு வேண்டாம் என்றால் ரொக்கமாகவும் கொடுக்கலாம். அதற்குப் பத்து, இருபது ரிங்கிட் நோட்டுகளாகக் கொஞ்சம் சென்னையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். நூறு ரிங்கிட் நோட்டை நீட்டி "சில்லறை இல்லை" என்ற பதிலைக் கேட்க வேண்டாம். இறங்கியதும் ஏர்போர்ட் வைஃபையில் வண்டியைப் பதிந்துவிடலாம். ஆனால் காரில் ஏறிய பிறகும் நெட் வேண்டும் என்பதால் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போவது நல்லது.

பதியும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் மூன்று பேர், மூன்று பெரிய பெட்டி. நான்கு பேர் வண்டி என்று போட்டால் பெரும்பாலும் பெரோடுவா மைவி போன்ற சிறிய கார் வரும். டிக்கியில் இரண்டு பெட்டிகூட நெருக்கித்தான் வைக்க வேண்டியிருக்கும். ஆறு பேர் வண்டியாகவே போடுங்கள். சற்றுக் கூடும், ஆனால் மாமியார் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போக வேண்டியிருக்காது.

வண்டி வந்ததும் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். அங்கே சொந்தக் கார்களுக்குக் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, டாக்சிக்கு வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து. ஆப்பில் வருவது சொந்தக் கார் என்பதால் கறுப்புத் தகட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எழுத்தும் எண்ணும் ஆப்பில் இருப்பதோடு ஒன்று விடாமல் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். "யாருக்கு வண்டி?" என்று கேட்டு அவரைச் சொல்லவிடுங்கள். பிறகு ஆப்பிலேயே பயணத்தை மகனுக்குப் பகிர்ந்துவிடுங்கள். வண்டி எங்கே போகிறது என்பதை அவர் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். பாஸ்போர்ட், பணம், மருந்து இருக்கும் பை டிக்கிக்குப் போகக் கூடாது, உங்கள் மடியில் இருக்கட்டும். "புக்கிங்கை கேன்சல் பண்ணிட்டு நேரா எனக்குக் காசு கொடுங்க" என்று டிரைவர் கேட்டால் ஏறாதீர்கள். கேன்சல் செய்த நொடியே அந்தப் பயணத்துக்குப் பதிவு இல்லாமல் போகிறது. அவசரம் என்றால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போலீஸ் எண் 999.

போன் அணைந்துவிட்டது, ஆப் ஓடவில்லை, பார்த்துச் செய்யப் பொறுமையில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. கட்டடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் டாக்சி கூப்பன் கவுன்ட்டர் இருக்கிறது. போகுமிடத்தைச் சொல்லிப் பணம் கட்டினால் கூப்பன் தருவார்கள், அதை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஏறலாம். உங்கள் கணவர் விரும்புகிறபடி இறங்கியதும் பார்த்துக்கொள்ள நினைத்தால் இந்தக் கவுன்ட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டாம். டோல் சேர்த்தா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை டாக்சிக் கட்டணம் ஒன்றரை மடங்கு என்பது அங்கே சட்டப்படி உள்ளதுதான். விமானம் ஐந்தே முக்காலுக்கு இறங்கினால், பெட்டி எடுத்து ஒரு டீ குடித்துவிட்டு வெளியே வாருங்கள், ஆறு தாண்டியிருக்கும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். நகரத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கிறது. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அரை மணி வாக்கில் போய்விடும், உங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அதை ஒட்டித்தான். ஆனால் டிக்கெட் ஆளுக்கு 55 ரிங்கிட். மூன்று பேருக்கு 165. ஆப் கார் சாதாரண நேரத்தில் வண்டிக்கே ஏறக்குறைய 65 முதல் 100 ரிங்கிட்டுக்குள் வரும், டோல் தனியாகச் சேரலாம். ஆறு பேர் வண்டிக்கு இன்னும் கொஞ்சம். தனியாகப் போகிறவருக்கு ரயில், மூன்று பேருக்குக் கார் என்பதுதான் என் முடிவு. கேஎல் சென்ட்ரலுக்குப் பேருந்தும் உண்டு, ஆளுக்குச் சுமார் 15 ரிங்கிட், ஒரு மணி நேரம் பிடிக்கும். இளைஞர்கள் என்றால் அதில்தான் போகச் சொல்வேன். மாமியாரோடு போகிற உங்களுக்கு வேண்டாம்.

பத்துமலைக்கு மட்டும் காரை மறந்துவிடுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொம்யூட்டர் ரயில் நேராகக் கோயில் வாசலுக்கே போகிறது. 2010இலிருந்து அங்கே ஸ்டேஷன் இருக்கிறது, சில ரிங்கிட்தான் டிக்கெட். தைப்பூச நாட்களில் அந்தப் பக்கத்துச் சாலைகளை அடைத்துவிடுவார்கள், ஆப்பில் விலையும் கன்னாபின்னாவென்று ஏறும். ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணிக்குள் கார் கொண்டுவந்து பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாங்கி விமான நிலையத்தில் டாக்சி வரிசை என்று எழுதியிருக்கும் இடத்தில் போய் நின்றால் போதும், மீட்டர் போட்டுத்தான் ஓட்டுவார்கள். எஸ்எச் என்று தொடங்கும் நம்பர் உள்ள வண்டிதான் டாக்சி. மீட்டர் தொகைக்கு மேல் ஏர்போர்ட் கட்டணம், நெரிசல் நேரக் கட்டணம், நள்ளிரவுக்கு மேல் பாதி கூடுதல் என்று சேரும். இவையெல்லாம் முறையானவை, ஏமாற்றுகிறார் என்று நினைத்து டிரைவரோடு வாக்குவாதம் வேண்டாம். பகலில் இறங்கினால் எம்ஆர்டி ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் லிட்டில் இந்தியா பக்கம் தங்குவதானால் நடுவில் மாறித்தான் போக வேண்டும், மூன்று பெட்டியோடு மாறுவது சிரமம்.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, சாங்கியில் பலகைகளிலும் பார்ப்பீர்கள். கோலாலம்பூரிலும் தமிழ் பேசுகிற டிரைவர் வருவது சகஜம். ஓட்டலின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் கைப்பையிலும் ஒன்று அவசியம்.

இனி உங்கள் சொந்தக்காரர்கள் விஷயம். சென்னை ஏர்போர்ட்டில் அவர்கள்தான் வெளிநாட்டுப் பயணிகள், வாசலில் அவர்களைத் தேடியும் ஆள் வருவார். பிரீபெய்டு டாக்சி கவுன்ட்டர் அங்கே உண்டு. ஆப் டாக்சி வேண்டுமென்றால் அடுக்குமாடி பார்க்கிங் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் திருத்தணியிலிருந்தே உங்களுக்குப் பழக்கமான வண்டியை அனுப்பிவிடுங்கள், எண்பது தொண்ணூறு கிலோமீட்டர்தானே. வண்டி காலியாகப் போய் ஆளோடு திரும்பும் என்பதால் போகவரக் கணக்குப் பேசுங்கள். பார்க்கிங் காசு யாருடையது என்பதையும் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

அவர்களே வண்டி பிடித்து வருவதானால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திருத்தணி ஆந்திரா பக்கம் என்று சொல்லிப் பெர்மிட் காசு கேட்டால் கொடுக்கக் கூடாது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அடுத்த நாள் திருப்பதிக்கும் அதே வண்டியில் போவதென்றால், நகரிப் பக்கம் எல்லை தாண்டும்போது பெர்மிட் வேண்டும். அகில இந்தியப் பெர்மிட் உள்ள வண்டியா என்று கேட்டுக்கொண்டால் அந்தச் செலவும் முன்பே தெரிந்துவிடும். விமானம் ஏறுவதற்கு முன்பே டிரைவர் பெயர், போன் நம்பர், வண்டி எண், பேசிய தொகை நான்கையும் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.