ஊவா மாகாணத்தின் அரச காடுகளும் அவற்றின் முகாமைத்துவமும்

மாணவர்களே! “காடுகளைப் பாதுகாக்க வேண்டும்” என்று மட்டும் எழுதும் விடைக்குப் புள்ளிகள் குறைவு. யாருடைய காடு, ஏன் அழிந்தது, எச்சட்டம் காக்கிறது, எவ்வாறு முகாமை செய்வது என்ற நான்கையும் உதாரணங்களுடன் எழுதப் பழகுங்கள். நீங்கள் வாழும் பதுளை மாவட்டமே இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

1. காடுகள் அழிந்த வரலாறு

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருதியது. இக்காணிகள் தோட்டச் சொந்தக்காரருக்கு விற்கப்பட, மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் பரவியபின் அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டக்கூடாது என ஆலோசனை கூறினார். 1956இல் இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 44 சதவீதமாக இருந்த காடு, 2010இல் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகியது.

தோட்ட மக்கள் விறகு வெட்டுவதே காடழிவுக்குக் காரணம் எனச் சிலர் எழுதுவர். விறகுத் தேவை ஒரு காரணம்தான். ஆயினும் மலைகள் மொட்டையானது பெருந்தோட்டக் கொள்கையினாலேயே என்பதை மறவாதீர்கள்.

2. ஊவாவுக்குக் காடு ஏன் தேவை?

அ) நீர்: உமா ஓயா, பதுளு ஓயா ஆகியன மகாவலியுடன் சேர்கின்றன. மாணிக்க கங்கையும் கிரிந்தி ஓயாவும் ஊவா மலைகளிலேயே ஊற்றெடுக்கின்றன. லயன் குடியிருப்புகள் பலவற்றுக்குக் குழாயில் வரும் தண்ணீரும் மேலேயுள்ள காட்டு ஊற்றிலிருந்து வருவதே.

ஆ) மண்: வெலிமடைப் பகுதியின் சாய்வான மரக்கறித் தோட்டங்களில் அரிக்கப்படும் மண், உமா ஓயா வழியே ரந்தம்பை நீர்த்தேக்கத்தை அடைந்து அதன் கொள்ளளவைக் குறைக்கிறது.

இ) உயிர்ப் பாதுகாப்பு: 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் நிகழ்ந்தன. மண்சரிவுக்குக் காடழிவு மட்டுமே காரணமன்று. கடும் மழை, சாய்வு, மண்ணின் தன்மை, வடிகால் சீரின்மை ஆகியவற்றையும் சேர்த்தெழுதுக.

3. சட்டங்களும் நிறுவனங்களும்

• 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் (2009இல் திருத்தப்பட்டது): ஒதுக்குக் காடுகளை வனப் பாதுகாப்புத் திணைக்களம் நிர்வகிக்கிறது.
• 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்: தேசிய பூங்காக்கள், சரணாலயங்கள் என்பன வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. உதாரணம்: கல் ஓயா (1954), மாதுறு ஓயா (1983) தேசிய பூங்காக்கள், எல்லைக்கு அண்மையிலுள்ள இராவணா எல்ல சரணாலயம், அப்புத்தளையின் தங்கமலைச் சரணாலயம்.
• 1988ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேசிய மரபுரிமை வனப் பிரதேசங்கள் சட்டம்: இதன் கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்டது சிங்கராஜக் காடாகும். ஊவாவுக்கு வெளியிலிருப்பினும் இவ்வுதாரணத்தை நினைவிற் கொள்க.

4. முகாமைத்துவத்தில் எதிர்நோக்கப்படும் பிரச்சினைகள்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு ஊவாவில் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஆகவே யூன் முதல் செப்டெம்பர் வரை பத்தனாப் புற்றரைகள் காய்ந்துவிடும். இளம்புல் வேண்டியும் வேட்டைக்காகவும் வைக்கப்படும் தீ, காட்டினுள்ளும் பரவுகிறது. புற்றரைகளில் நாட்டப்பட்ட பைனஸ் மரங்களும் எளிதில் தீப்பற்றக்கூடியன. விவசாய அத்துமீறல், சட்டவிரோத மரம் வெட்டல் என்பனவும் பிரச்சினைகளாகும்.

5. மேற்கொள்ளக்கூடிய நடவடிக்கைகள்

• வறண்ட காலத்துக்கு முன் தீத்தடுப்புப் பட்டிகள் அமைத்தல்.
• ஊற்றுகளையும் ஓடைக்கரைகளையும் ஒதுக்குப் பிரதேசங்களாக விட்டு, உள்நாட்டு மரங்களை நாட்டுதல்.
• குடியிருப்புக்கு அண்மையில் விறகுத் தோட்டங்கள் அமைத்தல். இதனால் இயற்கைக் காட்டின் மீதான அழுத்தம் குறையும்.
• சாய்வு நிலத்தில் சமவுயரக் கோட்டு வடிகால்களைத் துப்புரவாகப் பேணுதல்.
• காட்டை அண்டி வாழும் மக்களையும் முகாமைத்துவத்தில் பங்காளராக்குதல். ஊற்று வற்றினால் முதலில் குடத்துடன் அலைபவர்கள் அவர்களே.

மாதிரி வினா

ஊவா மாகாணத்தில் காட்டுத் தீ ஏற்படுவதற்கான பௌதிகக் காரணி ஒன்றையும் மானிடக் காரணி ஒன்றையும் குறிப்பிட்டு, ஒவ்வொன்றையும் விளக்குக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: பௌதிகக் காரணி – வறண்ட தென்மேற்குக் காற்றினால் புற்றரை காய்தல். மானிடக் காரணி – இளம்புல்லுக்காகவோ வேட்டைக்காகவோ தீ வைத்தல். காரணி ஒவ்வொன்றுக்கும் “அதனால் என்ன நிகழ்கிறது” என ஒரு வாக்கியம் சேர்த்தால்தான் விளக்கத்துக்குரிய புள்ளி கிடைக்கும்.

பயிற்சி: உங்கள் வீட்டுக் குடிநீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது? அதற்கு மேலேயுள்ள நிலம் காடா, தேயிலையா, புற்றரையா? அதை நிர்வகிப்பவர் யார்? பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு வரைபடம் வரைக.