கணினியின் முகவரி

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் பல உள்ளன. அந்நாளில் தோட்ட மக்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கே வரும். கிராணியார் அவற்றைப் பிரித்துக் கொடுப்பார். ‘ஐந்தாம் எண் வீடு’ என்றால் தோட்டத்திற்குள் எல்லாருக்கும் தெரியும். ஆனால், அடுத்த தோட்டத்திலும் ஓர் ஐந்தாம் எண் வீடு இருக்கும். எனவே, வெளியூரார்க்குத் தோட்டத்தின் பெயரே முகவரி.

இணையமும் இவ்வாறே இயங்குகிறது. 1981ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஐபி நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையும். உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. ஆகவே, 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் உள்வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டன. இவை வீட்டு எண்களைப் போன்றவை. வெளியிலிருந்து வரும் தகவல்களை ரூட்டர், கிராணியாரைப் போல, உரிய கருவிக்கு அனுப்புகிறது.

ஒரு கணினி தன் முகவரியை எப்படி அறியும்? 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான் மொழியில் ‘சாக்கெட்’ என்னும் தொகுதி உண்டு. அதைக் கொண்டு கணினியின் பெயரைக் கேட்டு, அப்பெயருக்குரிய முகவரியைத் தேடலாம். எனினும், சில கணினிகள் 127.0.0.1 என விடை தரும். அது ஒவ்வொரு கணினியும் தன்னையே சுட்டிக்கொள்ளும் முகவரி. அதைக் கொண்டு பிறர் அக்கணினியை அடைய முடியாது.

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. யூடிபி வகைச் சாக்கெட்டை உருவாக்கி, 8.8.8.8 போன்ற வெளிமுகவரியை இலக்காகக் காட்ட வேண்டும். இயங்குதளம் அங்குச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுத்து, அவ்வழிக்குரிய தன் முகவரியைக் குறித்துக்கொள்ளும். நிரல் அதைக் கேட்டுப் பெறும். இதற்காகத் தகவல் எதுவும் வெளியே அனுப்பப்படுவதில்லை. கோலாலம்பூருக்குப் போகாமலேயே, எந்த நிறுத்தத்தில் பேருந்து ஏற வேண்டும் என அறிவதைப் போன்றது இது.

இவ்வாறு கிடைப்பது பெரும்பாலும் உள்முகவரியே. பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒரு மாணவி தன் கணினியில் இயக்கும் வலைப்பக்கத்தை, அதே வலையமைப்பிலுள்ள தோழி அம்முகவரி வழியாகத் திறந்து பார்க்கலாம். வீட்டிலிருக்கும் தோழியால் அவ்வாறு பார்க்க இயலாது.

முகவரி நிலையானதுமன்று. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர் புதிய முகவரியைத் தெரிவிக்காவிட்டால், அவருக்குரிய கடிதம் பழைய இடத்திற்கே போகும். கணினிக்கும் வலையமைப்பு மாறினால் முகவரி மாறும். ஆதலால், முகவரியை நிரலில் நிலையாக எழுதி வைக்காமல், ஒவ்வொரு முறையும் கேட்டறிவதே முறை.